கானுக்குப் பிடித்த கடிதங்கள்

புகாரா,
கோழி ஆண்டு, முஹர்ரம் 11

தம்பி ஏர்மத்துக்கு,

இறைவன் உனக்கு நல்ல உடம்பையும், அதைவிட அவசரமாகக் கொஞ்சம் புத்தியையும் தரட்டும். நான் இருக்கிறேன். இடது காலில் நரம்புச் சிலந்தி வந்திருக்கிறது. இந்த ஊர்க் குளத்துத் தண்ணீரைக் குடிப்பவன் யாரும் அதிலிருந்து தப்பியதில்லை. நாவிதர் ஷாதி தினமும் வந்து அந்த நூல் போன்ற புழுவை ஒரு விரல் அளவு வெளியே இழுத்துக் குச்சியில் சுற்றிவிட்டுப் போகிறார். மற்றபடி சுகம்.

நேற்றுத் தேயிலை வியாபாரி நார்பூத்தா மதரஸாவுக்கு வந்தான். மாணவர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் வாசலிலிருந்தே கத்துகிறான்.

“முல்லா! உங்க தம்பியப் பாத்தேன், கோகந்துல! கானுக்கு முன்னாடி நாலு கால்ல ஒட்டகமா நின்னாரு. உதட்டத் தொங்கப் போட்டு அசை போட்டாரு பாருங்க, என் ஒட்டகமே தோத்துப் போயிடும்!”

மாணவர்கள் சிரித்தார்கள். ஏழு வருடமாக நீ எனக்கு என்ன எழுதிக்கொண்டிருந்தாய்? சேணக் கடையில் வேலை என்றாய். தைக்கிறாய் என்று நினைத்தேன், சுமக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. நம் அப்பா நாற்பது வருடம் ஒரு பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவன் சட்டம் படித்தவன், மற்றவன் கால்நடை.

உடனே அந்த வேலையை விடு. நிஜமாகவே ஒரு சேணக் கடையில் போய்ச் சேர். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. அந்தச் சபையில் எழுத்து வாசனை உள்ளவன் ஒருவனாவது இருந்தால் அவன் எதிரில் படி. நீ எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் மனைவிக்கு என் ஆசி. அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உன் அண்ணன்,
முல்லா ஃபக்ரித்தீன்

*

கோகந்த்,
ரபீஉல் அவ்வல் 3

தகப்பன் ஸ்தானத்தில் இருக்கும் அண்ணனுக்கு,

தம்பி ஏர்மத் குனிந்து சலாம் சொல்கிறேன். உங்கள் காலை நினைத்து நானும் என் மனைவியும் கவலைப்படுகிறோம். குச்சியில் இதுவரை எவ்வளவு நீளம் சுற்றியிருக்கிறது? நொண்டி நடக்கிறீர்களா? நொண்டினால் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள்.

பொய் சொன்னது தப்புதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தச் சபையில் ஒட்டகமாக நிற்பதற்குக் கூலி வாங்குகிறவன் நான் ஒருவன்தான், மற்றவர்கள் எல்லாம் இலவசமாக நிற்கிறார்கள். போன வாரம் கான் முலாம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, “கசக்குதே” என்றார். தேனாக இருந்த பழம். பதினெட்டுப் பேர் வாயில் இருந்ததைத் துப்பினார்கள். கஜானாதார் ஹோல்பெக் ஏற்கெனவே விழுங்கிவிட்டார். அதற்காக அவர் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கடிதத்தைச் சபையில் படித்தாயிற்று. எழுத்தரிடம் கொடுக்கவில்லை. அவருக்கு உங்கள் தோரணை வராது என்பதால் நானே படித்தேன். யாரும் அசையாமல் கேட்டார்கள். கடைசியில் கான், “இவ்வளவுதானா? இன்னும் இல்லையா?” என்று கேட்டார்.

அதனால் தயவுசெய்து இன்னும் எழுதுங்கள். என்னைத் திட்டுவதில் தயக்கமே வேண்டாம். சர்க்கரைப் பாதாமிப் பழம் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பாதம் பணியும்,
ஏர்மத்

*

புகாரா,
ரபீஉல் ஆகிர் 6

தம்பிக்கு,

இறைவன் உன்னைக் காப்பாற்றட்டும், முதலில் உன்னிடமிருந்து. பாதாமி வந்தது. மூன்றில் ஒரு பங்கு புழு.

கான் இன்னும் கேட்டார் என்பதில் எனக்கு வியப்பில்லை. நல்ல வார்த்தையைக் கேட்டு அந்த ஊரில் எத்தனை காலமாயிற்றோ. ஆகவே உனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக எழுதுகிறேன்.

உன் இனம் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது, கரப்பான் பூச்சியும் அப்படித்தான். துருக்கியரின் ரூம் சுல்தானிடம் குள்ளர்கள் இருக்கிறார்கள், அவர் காலடியில் உருளுவதே வேலை. இந்துஸ்தானத்து அரசர்கள் தங்களை எதிர்த்துப் பேசுவதற்கென்று சம்பளம் கொடுத்து ஒருவனை வைத்துக்கொள்கிறார்கள், மற்ற யாரும் எதிர்த்துப் பேசிவிடக் கூடாதே என்று. ஃபிரங்கி நாட்டில் குல்லாயில் மணி கட்டிவிடுவார்களாம், குருடனும் விலகிப் போக வசதியாக. பழைய கலீஃபாக்களின் காலத்தில் ஒருவன் பைத்தியமாக நடித்துப் பிழைத்தானாம். நீ அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கால் விஷயம் கேட்டாய். இடது பக்கம் சாய்கிறேன். செவ்வாய்க்கிழமை ஷாதி வழக்கம்போல வந்து இழுத்தார்.

“முல்லா, அசையாதீங்க.”

“நான் அசையல. நீதான் ஆட்டுற.”

“அறுந்து போச்சு.”

“எது?”

“அதான். பாதி உள்ள நிக்குது.”

பொறுமை என்றால் என்ன என்பதை அவனுக்கு நான்கு பிரிவுகளாக விளக்கினேன். மூன்றாவது பிரிவில் கூலிகூட வாங்காமல் எழுந்து போய்விட்டான்.

இன்னொரு செய்தி. கிஜ்துவான் ஊர்க் காஜி பதவி எனக்கு வர வேண்டியது. முப்பது வருடம் சட்டம் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை என்னிடம் மூன்று முறை பாடத்தில் தோற்ற ஒரு மடையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் தலைப்பாகையில் நியமனச் சீட்டைச் செருகிக்கொண்டு மூன்று நாள் கடைவீதியில் சுற்றினான். நானும் எதிரில் போய் வாழ்த்துச் சொன்னேன்.

கான் என் கடிதத்தைப் பற்றி வேறு என்ன சொன்னார்? முகஸ்துதிக்காகக் கேட்கவில்லை.

ஃபக்ரித்தீன்

*

கோகந்த்,
ஜமாதுல் அவ்வல் 10

அண்ணனுக்கு,

சலாம். மீதிப் பாதி வெளியே வந்துவிட்டதா? இங்கே பலரும் கேட்கிறார்கள். நாங்கள் நலம். என் மகளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது.

உங்கள் கடிதத்தைக் கான் இரண்டு முறை படிக்கச் சொன்னார். பொறுமையின் நான்கு பிரிவுகளைக் கேட்டபோது பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் இருக்கையிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். பக்தி முற்றினால் சிலருக்கு அப்படி ஆகும். குல்லாயில் மணி கட்டும் விஷயம் கானுக்கு மிகவும் பிடித்துப்போய், மந்திரிகள் எல்லாருக்கும் கட்டிவிட்டார். மூன்று நாள் சபை ஆட்டுப்பட்டி மாதிரி ஒலித்தது. ஒருவரும் கழற்றவில்லை. நான்காம் நாள் கழற்றலாம் என்றபோது இரண்டு பேர், “இருந்துட்டுப் போகட்டும் தக்ஸிர், பழகிடுச்சு” என்று கானிடம் கெஞ்சினார்கள். இவர்களுக்கு நடுவில் என்னைக் கோமாளி என்கிறார்கள்.

கிஜ்துவான் விஷயம் கேட்டு மனசு வலித்தது. அதை மட்டும் நான் படிக்கவில்லை.

அந்த மடையனுக்கு வாழ்த்துச் சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது? நாவிதர் எழுந்து போனபோது நீங்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன? நினைவிருந்தால் அப்படியே எழுதுங்கள். ஒரு பட்டு அங்கி அனுப்புகிறேன். கான் எனக்குக் கொடுத்தது, உங்களுக்குத்தான் பொருந்தும்.

ஏர்மத்

*

புகாரா,
ஜமாதுல் ஆகிர் 8

தம்பிக்கு,

குழந்தைக்கு நீண்ட ஆயுள் உண்டாகட்டும். அங்கியைப் போட்டுப் பார்த்தேன். தோளில் இறுக்கம். இருந்தாலும் துணி நல்ல துணி.

உன் அர்த்தமற்ற கேள்விகளுக்கு நேரமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் யோசித்துப் பார்த்தேன். என் சொல்லைப் புகாராவில் கேட்க ஆளில்லை. மாணவர்கள் தூங்குகிறார்கள். அமீரின் ஆட்கள் என்னைத் தெருவில் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். ஐம்பது காதத்துக்கு அப்பால் இருக்கும் ஓர் அரசன் என் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்கிறான்.

கோகந்தில் எனக்கு ஒரு காஜி பதவி கேள். மர்கிலான் ஆனாலும் சரி, சின்ன ஊர் ஆனாலும் சரி. எனக்கு ஐம்பத்தாறு வயது. தீர்ப்புச் சொல்வதற்காகவே படித்தவன், ஒரு தீர்ப்புக்கூடச் சொல்லாமல் சாகப் போகிறேன் என்ற பயம் சில நாளாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை உன்னிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதும் சேர்ந்து உறுத்துகிறது.

நீ தரையில் உருண்டு சம்பாதித்த செல்வாக்கு ஒரு முறையாவது நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும். கேட்கும்போது மனிதனாக நின்று கேள்.

ஃபக்ரித்தீன்

*

கோகந்த்,
ரஜப் 7

அண்ணனுக்கு,

சலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லாருக்கும் சளி.

நீங்கள் கேட்டதைப் பற்றி யோசித்தேன். இப்போது நேரம் சரியில்லை. கான் வேட்டையில் இருக்கிறார். திரும்பியதும் அவருக்குக் கோபம் அதிகமாக இருக்கும். மர்கிலான் காஜிக்குப் போன வருடம் கசையடி விழுந்தது. ஊரும் நல்ல ஊர் இல்லை. குஜந்த் பக்கம் வாந்திபேதி என்கிறார்கள். பனியில் பாதையும் மூடிவிடும். உங்கள் காலோடு இவ்வளவு தூரம் குதிரையில் உட்கார முடியாது.

புகாராவிலேயே இருங்கள். அறிஞர்கள் ஊர், உங்களுக்கு ஏற்றது அதுதான். கடிதம் மட்டும் எழுதுங்கள், அது போதும். இரண்டு மாதமாக வரவில்லை என்றால் இங்கே என் நிலைமை கொஞ்சம் சங்கடமாகிறது. ஒட்டகத்தை இப்போது யாரும் ரசிப்பதில்லை.

ஏர்மத்

*

புகாரா,
ஷஃபான் 12

ஏர்மத்துக்கு,

உனக்கும் குடும்பத்துக்கும் சலாம், அது கடமை.

வேட்டை, வாந்திபேதி, பனி, கசையடி, சளி. ஒரு சின்ன உதவிக்கு ஐந்து சாக்கு. எனக்குப் புரியாமல் இல்லை. படித்த அண்ணன் சபையில் வந்து நின்றால், நாலு கால் தம்பியை யார் பார்ப்பார்கள் என்ற பயம் உனக்கு. பொறாமையைக்கூட நேராகப் படத் தெரியாதவன் நீ.

நானே கானுக்கு நேரடியாக விண்ணப்பம் எழுதினேன், பதினொரு பக்கம். நேற்று அவருடைய ஆள் வந்தான். குதிரை, அங்கி, வழிச்செலவு எல்லாம் கொண்டுவந்தான். மதரஸா முற்றத்தில், எல்லோரும் பார்க்க, “முல்லா, எங்க கான் உங்களுக்காகத் தவியாத் தவிக்கிறாரு” என்றான். கிஜ்துவான்காரனும் அப்போது அங்கே இருந்தான். ஆண்டவனுக்கு நன்றி.

நாளை கிளம்புகிறேன். ரமலானைக் குஜந்தில் கழித்துவிட்டு வருவேன். சபையில் என்னைத் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளாதே.

முல்லா ஃபக்ரித்தீன்

*

கோகந்த்,
ஷஃபான் 28
(குஜந்த் பெரிய சத்திரத்தில், முல்லா ஃபக்ரித்தீன் கையில் கொடுக்கவும்)

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னிக்க வேண்டும். கோகந்துக்கு வராதீர்கள். குஜந்திலேயே நில்லுங்கள், அங்கிருந்து திரும்பிவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம். வழிச்செலவை நான் கொடுக்கிறேன்.

என்னை ஓஷுக்கு அனுப்புகிறார்கள், அங்கே கானின் மந்தையைப் பார்த்துக்கொள்ள. நாளைக் காலையில் போகிறேன். நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன்.

திரும்பிவிடுங்கள்.

ஏர்மத்

*

கோகந்த்,
ஷவ்வால் 19

தம்பிக்கு,

ஓஷில் உள்ள கால்நடைகளுக்கும் அவற்றின் நடுவில் இருக்கும் உனக்கும் சலாம். குஜந்தில் உன் கடிதம் கிடைத்தது. சத்திரத்து அடுப்பில் போட்டேன்.

நான் சுகம், இந்த வார்த்தையை வெகு நாளைக்குப் பிறகு மனதோடு எழுதுகிறேன். கான் என்னை அரண்மனைக் காஜியாக நியமித்துவிட்டார். சீட்டைத் தலைப்பாகையில் செருகி மூன்று நாள் நடந்தேன். கடைவீதியே எழுந்து நின்றது. இந்த மக்களைப் பற்றி நீ எழுதியதெல்லாம் பொய். இவ்வளவு இறையச்சம் உள்ள சபையை நான் கண்டதில்லை. நான் வாயைத் திறந்தவுடன் அழுகிறார்கள். சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுகிறார்கள். சிலர் தாங்க முடியாமல் வெளியே ஓடுகிறார்கள்.

வழக்குகள்தான் விசித்திரமாக வருகின்றன. முதல் நாள் ஒரு சேவல் மேல் வழக்கு. விடிவதற்கு முன்பே கூவிப் பக்கத்து வீட்டுக்காரனை நேரம் தவறித் தொழ வைத்துவிட்டதாம். சேவலையும் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

“சேவலுக்கு வயசு என்ன?” என்று கேட்டேன்.

“தெரியலையே முல்லா.”

“பருவம் வந்துடுச்சா? பருவம் வராததுக்குச் சட்டத்துல தண்டனை கிடையாது.”

கஜானாதார் ஹோல்பெக் அப்படியே தரையில் கவிழ்ந்துவிட்டார். அவ்வளவு பயம் அவருக்குத் தீர்ப்பு நாளைப் பற்றி. கான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மேல சொல்லுங்க முல்லா, நிறுத்தாதீங்க” என்றார். ஒரு மணி நேரம் ஆதாரங்களோடு பேசினேன். சேவலை விடுதலை செய்தேன். ஏர்மத், என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் தீர்ப்பு அது. வெளியே வந்து தனியாக நின்று கொஞ்சம் அழுதேன்.

கானின் ராஜாளிக்காரர் என்னைப் பிடித்து நிறுத்தி, “முல்லா, கால் எப்படி இருக்கு? அந்த மீதிப் பாதி வெளிய வந்துடுச்சா?” என்று கேட்டார். புகாராவில் என் காலைப் பற்றி ஒருவன் கேட்டதில்லை. நீ சொல்லியிருப்பாய் போலிருக்கிறது. உனக்கும் ஒரு நல்ல குணம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

மந்தையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்.

காஜி முல்லா ஃபக்ரித்தீன்

*

ஓஷ்,
துல்கஃதா 4

அண்ணா,

சலாம். நான் நலமாக இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் மறைக்க முடியாது.

அவர்கள் அழவில்லை. சிரிக்கிறார்கள்.

முதல் கடிதத்தை நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் படித்தேன். அது சத்தியம். ஆனால் உங்கள் குரலில் படித்தேன், உங்கள் மாதிரி மோவாயைத் தூக்கி. கான் சிரித்துச் சிரித்துக் கீழே உருண்டார். ஏழு வருடத்தில் ஒட்டகத்துக்கு அவர் அப்படிச் சிரித்ததில்லை. அதற்குப் பிறகு நான் ஒட்டகம் இல்லை, நீங்கள்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தலைப்பாகை கட்டி, இடது பக்கம் நொண்டி, நாவிதரைத் திட்டி, உங்களைச் செய்து காட்டினேன். அதற்காகத்தான் அந்தக் கேள்விகள் எல்லாம் கேட்டேன். அந்தப் பட்டு அங்கியும் அதற்குக் கிடைத்த பரிசுதான்.

உங்கள் விண்ணப்பம் வந்த அன்று கான் துள்ளிக் குதித்தார்.

“ஏர்மத், நிஜ ஆளே வர்றாரு! இனி நீ எதுக்கு?”

“தக்ஸிர், அவரு வயசானவரு. வேணாம்.”

“நீ பக்கத்துல இருந்தா அவரு உஷாராயிடுவாரு. ஓஷுக்குப் போ. நீ விஷயத்தைச் சொன்னதாத் தெரிஞ்சா உன் நாக்கு உன்கிட்ட இருக்காது.”

பிறகு சபையைப் பார்த்துச் சட்டம் போட்டார். முல்லாவுக்கு முன்னால் யார் சத்தமாகச் சிரித்தாலும் ஒரு ஆடு அபராதம். அதனால்தான் சட்டைக் கையில் முகத்தைப் புதைக்கிறார்கள். சேவல் வழக்கு ராஜாளிக்காரர் ஜோடித்தது. உங்கள் பதவி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

என் நாக்கு போனாலும் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்புங்கள். யாரிடமும் சொல்லாமல் கிளம்புங்கள். கால் சரியில்லை, புகாராவில் வைத்தியம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டாவது கிளம்புங்கள். அந்தச் சபைக்கு இனி ஒரு நாள்கூடப் போகாதீர்கள். எனக்காக இல்லை, அப்பா பெயருக்காகக் கிளம்புங்கள்.

என்னை மன்னியுங்கள்.

ஏர்மத்

*

கோகந்த்,
துல்ஹஜ் 26

தம்பி ஏர்மத்துக்கு,

உனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் இறைவன் சுகத்தைத் தரட்டும். என் காலில் இருந்த மீதிப் பாதியும் வெளியே வந்துவிட்டது. இப்போது நேராகத்தான் நடக்கிறேன், சபையில் மட்டும் நொண்டுகிறேன்.

உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்பே எனக்குத் தெரியும். கஜானாதார் ஹோல்பெக் ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“முல்லா, நாளைக்குக் கொஞ்சம் சுருக்கமாப் பேசுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஏன்?”

“ஒன்பது ஆடு போயிடுச்சு. வீட்டுல ஒண்ணுதான் பாக்கி. அதுவும் சினை.”

“ஆட்டுக்கும் என் பேச்சுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முலாம்பழத்துக்குப் பயந்து நடுங்குகிற அந்த மனிதர், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். மற்ற எல்லாவற்றையும் நான் தாங்கிக்கொண்டேன், அதை மட்டும் முடியவில்லை.

மூன்று நாள் வெளியே வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். புகாராவுக்குத் திரும்புவதைப் பற்றி யோசித்தேன். கிஜ்துவான்காரன் எதிரில் வந்து நலம் விசாரிப்பான். பன்னிரண்டு பேர் தூங்குவார்கள். நான்காம் நாள் குளித்து, தலைப்பாகை கட்டிக்கொண்டு சபைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு கழுதையின் விவாகரத்து வழக்கு. முன்பு சட்டக் கிதாபைப் பார்த்துப் பேசுவேன், அன்று முதல் முறையாக ஹோல்பெக்கின் முகத்தைப் பார்த்துப் பேசினேன். கழுதையிடம், “உன் தரப்புல சாட்சி யாரு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தேன். பொறுமையாக, நீண்ட நேரம். சினை ஆடும் போயிற்று.

அது கடினமான தொழில் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அப்படி ஒன்றும் இல்லை. உனக்கு ஏழு வருடம் பிடித்தது எனக்கு ஒரு காலைப் பொழுதில் வந்துவிட்டது.

இனி உன் கடிதம். பாடம் படிப்பது போல மூன்று முறை படித்தேன். ‘கிளம்புங்கள்’ நான்கு இடத்தில் இருக்கிறது. ‘மன்னியுங்கள்’ ஒரே இடத்தில், அதுவும் கடைசியில். நான் புகாராவில் இருந்து, நீ வெள்ளிக்கிழமைதோறும் நொண்டிக்கொண்டிருந்த காலத்தில் உன் மனசாட்சிக்கு எந்த உபாதையும் இல்லை. பட்டு அங்கி வந்தபோதும் இல்லை. உன் இடம் போய், ஓஷில் ஆட்டுப் புழுக்கை வாடை பட்டவுடன் விழித்துக்கொண்டது. நான் கிளம்பினால் அந்த இடம் மறுபடி காலியாகும் என்று நீ ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்று சொல், பார்க்கலாம். உன்னால் சொல்ல முடியாது. உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான்.

போன வெள்ளிக்கிழமை அதைச் சபையில் படித்தேன். உன் குரலில். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சின்ன வயதிலிருந்தே மூக்கை உறிஞ்சுவாயே, அதோடு. ‘சாப்பாடு இறங்கவில்லை’ என்ற இடத்தில் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நாக்கைப் பற்றி நீ எழுதியிருந்த வரிக்கு வந்ததும் நிறுத்திக் கானைப் பார்த்தேன். சபை மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டு அபராதத்தை அன்றோடு எடுத்துவிட்டார். இப்போது எல்லோரும் வாய்விட்டே சிரிக்கிறார்கள்.

“உன் தம்பிகிட்டயிருந்து அடுத்தது எப்ப வரும், முல்லா?” என்று நேற்றும் கேட்டார்.

“எழுதச் சொல்றேன், தக்ஸிர்” என்றேன்.

ஆகவே மாதம் தவறாமல் எழுது. கடிதம் வந்துகொண்டிருக்கும்வரை உன் நாக்கை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் நிஜமாகவே வருந்தி எழுது. நீ பாசாங்கு செய்தால் எனக்குத் தெரிந்துவிடும், இங்கே ஒருவருக்கும் சிரிப்பும் வராது.

உன் அண்ணன்,
ஃபக்ரித்தீன்